டெபோனென்ட் வினை: செயப்பாட்டு உருவில் ஒரு செய்வினை

நம் ஊர் நீதிமன்றங்களில் தாக்கலாகும் ஆங்கில அஃபிடவிட்டின் அடியில், கையெழுத்து போடும் இடத்தில் 'டெபோனென்ட்' என்று அச்சிட்டிருக்கும். உறுதிமொழி கொடுத்துச் சாட்சியம் சொல்பவர் என்று பொருள். அதே சொல் லத்தீன் இலக்கணப் புத்தகங்களிலும் வருகிறது. அங்கே அது ஆளைக் குறிப்பதில்லை, ஒரு வகை வினைச்சொல்லைக் குறிக்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: 'டேபோனெரே', அதாவது கீழே வைப்பது, எடுத்து வைப்பது. சாட்சி தன் வாக்குமூலத்தை எடுத்து வைக்கிறார். வினைச்சொல் எதை எடுத்து வைக்கிறது?

இந்த வகை வினை ஒன்று நமக்குப் பழக்கமானதுதான். டிவி விவாதத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் 'நான் செக்விட்டர்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். முன்னால் சொன்னதிலிருந்து பின்னால் சொன்னது வரவில்லை என்று அர்த்தம். சட்டப் புத்தகங்களில் பக்க எண்ணுக்கோ பிரிவு எண்ணுக்கோ பிறகு 'எட் செக்.' என்று வரும். அந்த எண்ணும் அதைத் தொடர்ந்து வருபவையும் என்று அர்த்தம். இரண்டிலும் இருப்பது ஒரே லத்தீன் வினை: 'செக்வொர்', நான் பின்தொடர்கிறேன். டெபோனென்ட் வினை என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது, எப்படித் திரிகிறது என்பதையெல்லாம் இந்த ஒரு வினையை வைத்தே பார்த்துவிடலாம்.

(லத்தீன் சொற்களை இங்கே பழைய ரோமானிய உச்சரிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். 'செக்விட்டர்' ஆங்கில வாயில் வரும் ஒலி. ரோமானியர் வாயில் அது 'செக்விட்டுர்'. முன்னால் நிற்கும் 'நான்' நம் தமிழ் 'நான்' அல்ல; 'இல்லை' என்று பொருள்படும் லத்தீன் 'நோன்'.)

முதலில் அடிப்படை: லத்தீனில் செயப்பாட்டுவினை

தமிழில் செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்க 'படு' என்ற துணைவினையைச் சேர்க்கிறோம். அழைத்தான், அழைக்கப்பட்டான். லத்தீனில் நிகழ்காலத்துக்கு அப்படித் துணைவினை எதுவும் கிடையாது. வினையின் விகுதி மாறினால் போதும். 'டூக்கோ' என்ற வினையைப் பாருங்கள். நடத்திச் செல்கிறேன் என்று பொருள்.

1. டூக்கோ: நடத்திச் செல்கிறேன். டூக்கொர்: நடத்திச் செல்லப்படுகிறேன்.
2. டூக்கிட்: நடத்திச் செல்கிறான். டூக்கிட்டுர்: நடத்திச் செல்லப்படுகிறான்.
3. டூக்குன்ட்: நடத்திச் செல்கிறார்கள். டூக்குன்ட்டுர்: நடத்திச் செல்லப்படுகிறார்கள்.

கடைசியில் நிற்கும் 'ர்' ஒலியைக் கவனியுங்கள். செயப்பாட்டு வடிவங்களின் அடையாளம் பெரும்பாலும் அதுதான். முற்றிய கடந்தகாலத்துக்கு மட்டும் இரண்டு சொற்கள் வேண்டும்: 'டுக்டுஸ் சும்', நடத்திச் செல்லப்பட்டேன். இதில் 'டுக்டுஸ்' என்பது நடத்திச் செல்லப்பட்டவன். 'சும்' என்பது இருக்கிறேன்.

இப்போது 'செக்வொர்' பக்கம் வருவோம். பார்வைக்கு அது அப்படியே 'டூக்கொர்' மாதிரி இருக்கிறது. 'செக்விட்டுர்' என்பதும் 'டூக்கிட்டுர்' மாதிரியே இருக்கிறது. கற்ற விதிப்படி 'பின்தொடரப்படுகிறான்' என்று பொருள் வந்திருக்க வேண்டும். ஆனால் ரோமானியர்களுக்கு அது 'பின்தொடர்கிறான்'. 'மீலெஸ் டுக்கெம் செக்விட்டுர்' என்றால் படைவீரன் தலைவனைப் பின்தொடர்கிறான். 'டுக்கெம்' இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. நம் 'தலைவனை' போல. செயப்பாட்டுவினைக்குச் செயப்படுபொருள் இருக்க முடியாது. இங்கே இருக்கிறது. ஆகவே இது செய்வினைதான், சந்தேகமில்லை.

இதுதான் டெபோனென்ட் வினை: உருவம் செயப்பாட்டுவினை, பொருள் செய்வினை. இதில் ஒரு விலையும் உண்டு. செயப்பாட்டு உருவத்தைச் செய்வினைக்கே செலவழித்துவிட்டதால், 'தலைவன் பின்தொடரப்படுகிறான்' என்று சொல்ல இந்த வினையில் வழி இல்லாமல் போகிறது. வாக்கியத்தைத் திருப்பி, வீரர்கள் தலைவனைப் பின்தொடர்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

உருவமும் பொருளும் இப்படி ஒட்டாமல் போவது நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. 'புத்தகம் நன்றாக விற்கிறது' என்கிறோம். புத்தகமா விற்கிறது? கடைக்காரர் விற்கிறார்; புத்தகம் விற்கப்படுகிறது. பழைய உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியம் வினையியலில் ஒரு நூற்பாவே ஒதுக்கியிருக்கிறது. அது செய்வினை உருவில் செயப்பாட்டுப் பொருள். லத்தீன் டெபோனென்ட் அதற்கு நேர் தலைகீழ்.

பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்தார்கள்?

ரோமில் 4-ஆம் நூற்றாண்டில் இலக்கணம் கற்பித்த டொனாட்டுஸ், வினைகளை ஐந்து வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று டெபோனென்ட். அவர் சொன்ன அடையாளம் ரொம்ப எளிமையானது: செயப்பாட்டுவினை போலவே இவையும் 'ர்' என்று முடியும், ஆனால் அந்த 'ர்' எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது லத்தீன் சொல்லாக இருக்காது. 'டூக்கொர்' என்பதில் எடுத்தால் 'டூக்கோ' கிடைக்கும், அது நல்ல லத்தீன். 'செக்வொர்' என்பதில் எடுத்தால் 'செக்வோ'. அப்படி ஒரு சொல் அவருடைய லத்தீனில் கிடையாது. (அவர் கொடுத்த உதாரணங்கள் வேறு: 'லுக்டொர்', மல்யுத்தம் செய்கிறேன், 'லொக்வொர்', பேசுகிறேன்.)

சோதனை நன்றாக வேலை செய்கிறது. பெயர்தான் கோணல். இந்த வினைகள் தங்கள் செயப்பாட்டுப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டன என்பதுதான் அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். கழற்றி வைக்க வேண்டுமென்றால் முதலில் போட்டிருக்க வேண்டும். 'செக்வொர்' ஒரு காலத்தில் 'பின்தொடரப்படுகிறேன்' என்று பொருள் தந்து, பிறகு மாறியது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. நடந்தது வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் வினை எப்படித் திரிகிறது என்று பார்த்துவிடுவோம்.

செக்வொர்: பொருளும் திரிபும்

அகராதியில் இது மூன்று சொற்களாக இருக்கும்: செக்வொர், செக்வீ, செக்கூட்டுஸ் சும். பின்தொடர்கிறேன், பின்தொடர, பின்தொடர்ந்தேன். சாதாரண வினைகளுக்கு நான்கு தலைமை வடிவங்கள் கொடுப்பார்கள். டெபோனென்ட் வினைக்கு மூன்று போதும். அகராதியில் மூன்று மட்டும் இருந்து, முதலாவது 'ஒர்' என்று முடிந்தால் டெபோனென்ட் என்று உடனே கண்டுகொள்ளலாம்.

பொருள் 'பின்னால் போவது' என்பதில் தொடங்கி விரிகிறது. எதிரியைத் துரத்துவது, ஒரு கட்சியையோ கருத்தையோ சார்ந்து நிற்பது, காலத்தில் அடுத்து வருவது, ஒன்றிலிருந்து இன்னொன்று தர்க்கப்படி பெறப்படுவது. கடைசிப் பொருள்தான் 'நோன் செக்விட்டுர்': பின்தொடரவில்லை, அதாவது பெறப்படவில்லை.

1. நிகழ்காலம். செக்வொர் (நான்), செக்வெரிஸ் (நீ), செக்விட்டுர் (அவன், அவள், அது), செக்விமுர் (நாம்), செக்விமினீ (நீங்கள்), செக்வுன்ட்டுர் (அவர்கள்). 'செக்வெரிஸ்' என்பதற்குப் பதில் 'செக்வெரே' என்றும் வரும்.

2. தொடர்ந்து நடந்துகொண்டிருந்த கடந்தகாலம். செக்வேபர், செக்வேபாரிஸ், செக்வேபாட்டுர், செக்வேபாமுர், செக்வேபாமினீ, செக்வேபன்ட்டுர். பின்தொடர்ந்துகொண்டிருந்தேன், பின்தொடர்ந்துகொண்டிருந்தாய் என்று வரிசையாக எடுத்துக்கொள்ளலாம்.

3. எதிர்காலம். செக்வர், செக்வேரிஸ், செக்வேட்டுர், செக்வேமுர், செக்வேமினீ, செக்வென்ட்டுர். இங்கே ஒரு பொறி. 'நீ பின்தொடர்கிறாய்' என்பது செக்வெரிஸ். 'நீ பின்தொடர்வாய்' என்பது செக்வேரிஸ். வித்தியாசம் ஒரு குறில், ஒரு நெடில். ரோமன் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். மேலே கோடு போடாத பதிப்புகளில் சூழலை வைத்து ஊகிக்க வேண்டும். எகரமும் ஏகாரமும் தனித்தனியாக இருக்கும் நம் எழுத்தில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

4. முற்றிய கடந்தகாலம். செக்கூட்டுஸ் சும், செக்கூட்டுஸ் எஸ், செக்கூட்டுஸ் எஸ்ட். பன்மையில் செக்கூட்டீ சுமுஸ், செக்கூட்டீ எஸ்டிஸ், செக்கூட்டீ சுன்ட். முதல் சொல் எழுவாயின் பாலுக்கு ஏற்ப மாறும். பின்தொடர்ந்தவள் பெண் என்றால் செக்கூட்டா எஸ்ட். பெண்கள் பலர் என்றால் செக்கூட்டை சுன்ட். 'பின்தொடர்ந்திருந்தேன்' என்பதற்கு 'சும்' போய் 'எரம்' வரும், 'பின்தொடர்ந்திருப்பேன்' என்பதற்கு 'எரோ' வரும்.

5. சப்ஜங்க்டிவ், அதாவது விருப்பம், ஐயம், நோக்கம் போன்றவற்றைச் சொல்லும் பாங்கு. நிகழ்காலத்தில் செக்வர், செக்வாரிஸ், செக்வாட்டுர், செக்வாமுர், செக்வாமினீ, செக்வன்ட்டுர். இதில் முதல் வடிவமும் எதிர்காலத்தின் முதல் வடிவமும் ஒன்றே. கடந்தகாலத்தில் செக்வெரெர், செக்வெரேரிஸ் என்று போகும்.

6. ஏவல். ஒருவரிடம் சொன்னால் செக்வெரே, பலரிடம் சொன்னால் செக்விமினீ.

ஏவலில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'டூக்கெரே' என்றால் 'நடத்திச் செல்ல'. அதே அச்சில் இருக்கும் 'செக்வெரே' என்பதைப் பார்த்ததும் 'பின்தொடர' என்று படிக்கத்தான் தோன்றும். ஆனால் அது கட்டளை. 'பின்தொடர' என்பதற்கு 'செக்வீ' இருக்கிறது. பைபிளின் லத்தீன் மொழிபெயர்ப்பில், மத்தேயு நற்செய்தி 9-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தில், சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் மத்தேயுவிடம் இயேசு 'செக்வெரே மே' என்கிறார், என்னைப் பின்தொடர். அவரும் எழுந்து பின்தொடர்ந்தார்: 'செக்கூட்டுஸ் எஸ்ட்'. ஏவலும் முற்றிய கடந்தகாலமும் ஒரே வசனத்தில் கிடைக்கின்றன. நற்செய்திகளின் லத்தீன் மொழிபெயர்ப்பை 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தியமைத்த ஜெரோம், டொனாட்டுஸிடம் படித்தவர்.

7. எச்சங்கள். செக்வேன்ஸ், பின்தொடர்கிற, செக்கூட்டுஸ், பின்தொடர்ந்த, செக்கூட்டூருஸ், பின்தொடரப்போகிற, செக்வென்டுஸ், பின்தொடரப்பட வேண்டிய. 'எட் செக்.' என்பது முதலாவதன் சுருக்கம். கடைசியானது மட்டும் உண்மையிலேயே செயப்பாட்டுப் பொருள் தருகிறது. முதலாவதும் மூன்றாவதும் உருவிலும் செய்வினை எச்சங்கள்தான். ஆக, டெபோனென்ட் வினை எல்லா இடத்திலும் செயப்பாட்டு உடை போட்டிருக்கிறது என்று சொன்னால் தப்பு.

ஏன் இப்படி ஒரு வகை?

லத்தீனை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தால் இதற்கு விடை கிடைக்காது. அக்கம்பக்கத்து உறவு மொழிகளைப் பார்க்க வேண்டும்.

'பின்தொடர்' என்ற இந்த வினையடி லத்தீனுக்கு மட்டும் சொந்தமானதில்லை. கிரேக்கத்தில் 'ஹெபொமாய்', ரிக்வேத சம்ஸ்கிருதத்தில் 'சசதே', பழைய ஐரிஷில் 'செகிதிர்'. ஒலிகள் மாறியிருந்தாலும் எல்லாம் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. கிரேக்கத்தில் சொல்லின் தலைப்பில் வந்த பழைய சகரம் ஹகரமாகிவிடும். அதை விட முக்கியமானது, இந்த நான்கு மொழிகளிலும் இந்த வினை சாதாரணச் செய்வினை விகுதிகளை எடுத்துக்கொள்வதில்லை. சம்ஸ்கிருதத்தில் அது ஆத்மனேபதம். கிரேக்கத்தில் அது 'நடுவினை' எனப்படும் வகை. ஐரிஷில் அதுவும் டெபோனென்ட். நான்கும் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. இவற்றுக்கெல்லாம் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியிலேயே இந்த வினை அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆத்மனேபதம் என்றால் 'தனக்கான சொல்'. பரஸ்மைபதம் 'பிறர்க்கான சொல்'. செயலின் விளைவு செய்பவரையே வந்து சேர்ந்தால் ஆத்மனேபதம், வேறொருவரைச் சேர்ந்தால் பரஸ்மைபதம் என்பது பழைய கணக்கு. கணக்கு எல்லா இடத்திலும் ஒத்துவராது. ஆனாலும் அடிப்படை எண்ணம் தெளிவாக இருக்கிறது. அந்தத் தாய்மொழியில் செய்வினைக்கு எதிரே நின்றது செயப்பாட்டுவினை இல்லை, இந்த 'நடுவினை'. எழுவாய் செயலைச் செய்கிறது; ஆனால் அந்தச் செயலுக்குள்ளேயே தானும் இருக்கிறது, செயலால் தானும் பாதிக்கப்படுகிறது. 'படுதல்' என்ற பொருள் அதன் ஒரு கிளையாகத்தான் வளர்ந்தது. சம்ஸ்கிருதத்தில் செயப்பாட்டுவினை இன்றும் ஆத்மனேபத விகுதிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. லத்தீனில் அந்தக் கிளையே மரமாகி, பழைய நடுவினை விகுதிகளுக்கு 'செயப்பாட்டு விகுதி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் சில வினைகள் தங்கள் பழைய இடத்தை விட்டு நகரவில்லை. அவைதான் டெபோனென்ட். ஆகவே அவை எதையும் கழற்றி வைக்கவில்லை. அவற்றைச் சுற்றியிருந்த மொழி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பகவத் கீதையின் 2-ஆம் அத்தியாயம் 20-ஆம் சுலோகம் பலருக்கு மனப்பாடம்: 'ந ஜாயதே ம்ரியதே வா'. பிறப்பதும் இல்லை, இறப்பதும் இல்லை. ஜாயதே, ம்ரியதே இரண்டும் ஆத்மனேபதம். லத்தீனில் 'பிறக்கிறான்' என்பது 'நாஸ்கிட்டுர்', 'இறக்கிறான்' என்பது 'மொரிட்டுர்'. இரண்டும் டெபோனென்ட். நாஸ்கிட்டுர் பழைய லத்தீனில் 'க்னாஸ்கிட்டுர்' என்று இருந்தது; ஜாயதேயின் வேரும் அதுவே. ம்ரியதே, மொரிட்டுர் இரண்டும் அப்பட்டமான உடன்பிறப்புகள். பிறப்பும் இறப்பும் ஒருவர் 'செய்கிற' காரியமா, ஒருவருக்கு 'நடக்கிற' காரியமா என்ற கேள்விக்கு இரண்டு மொழிகளும் ஒரே பழைய விடையை விகுதியில் வைத்திருக்கின்றன.

அந்த 'ர்' எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் இந்த விகுதி லத்தீனிலும் பழைய இத்தாலியில் பேசப்பட்ட அதன் உறவு மொழிகளிலும், ஐரிஷ் போன்ற கெல்டிக் மொழிகளிலும் மட்டுமே தெரிந்தது. கிரேக்கத்தின் நடுவினையில் இல்லை, சசதே போன்ற வடிவங்களிலும் இல்லை. எனவே இது இத்தாலிய, கெல்டிக் மொழிகள் சேர்ந்து உண்டாக்கிய புதுமை என்று எண்ணினார்கள். பிறகு இரண்டு கண்டுபிடிப்புகள் வந்தன. சீனாவின் மேற்குப் பகுதியிலுள்ள தாரிம் படுகையில் கிடைத்த சுவடிகளின் மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிதான் என்று 1908-இல் ஸீக், ஸீக்லிங் என்ற ஜெர்மானிய அறிஞர்கள் அறிவித்தார்கள். அதைத் தொக்காரிய மொழி என்கிறோம். 1915-இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி, இன்றைய துருக்கியில் கிடைத்த ஹிட்டைட் களிமண் பலகைகளின் மொழியை அடையாளம் கண்டார். இரண்டிலும் நடுவினை விகுதியில் 'ர்' இருந்தது. ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த மொழிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறதென்றால் அது புதுமையாக இருக்க முடியாது, பழைய சொத்து. சம்ஸ்கிருதமும் கிரேக்கமும்தான் பெருமளவுக்கு இழந்திருக்கின்றன.

இனி, டெபோனென்ட் வினைகள் எந்தப் பொருள்களில் குவிகின்றன என்று பார்த்தால் நடுவினையின் சாயல் தெரிகிறது. புறப்படுவது, அலைவது. கோபம், இரக்கம், பயம், புலம்பல். பேசுவது, ஒப்புக்கொள்வது. நினைப்பது, மறப்பது. மல்லுக்கட்டுவது, முத்தமிடுவது போன்ற இருவர் காரியங்கள். பயன்படுத்துவது, அனுபவிப்பது. எழுவாய் தானே செயலுக்குள் இருக்கும் வினைகள். மீன் பிடிப்பது, வேட்டையாடுவது, தண்ணீர் கொண்டுவருவது என்று பெயர்ச்சொற்களிலிருந்து புதிதாகவும் உண்டாக்கினார்கள். தனக்காகச் செய்துகொள்ளும் வேலைகள் என்று பார்த்தால் இவையும் பொருந்துகின்றன.

ஆனால் இதை விதியாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போகக் கூடாது. 'புறப்படு' என்பதற்கான 'ப்ரொஃபிகிஸ்கொர்' டெபோனென்ட். 'வா' என்பதற்கான 'வெனியோ' சாதாரணச் செய்வினை. 'பேசு' டெபோனென்ட், 'சொல்' இல்லை. சீசர், சிசரோ காலத்துக்குள் இது பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லாக நினைவில் வைக்கும் விஷயமாகிவிட்டது. பாதி வழியில் நிற்பவையும் சில உண்டு: 'அவுடெயோ' (துணிகிறேன்) நிகழ்காலத்தில் செய்வினை, கடந்தகாலத்தில் மட்டும் 'அவுஸுஸ் சும்' என்று டெபோனென்ட் ஆகிவிடும். இவற்றை அரை டெபோனென்ட் என்பார்கள்.

இதனால் என்ன லாபம்?

லத்தீன் எழுதியவர்களுக்கு இந்த வினைகள் ஒரு பெரிய வசதியைக் கொடுத்தன. சாதாரண லத்தீன் வினைக்கு 'நடத்திச் சென்று', 'அகற்றி' என்ற செய்வினைக் கடந்தகால எச்சம் கிடையாது. இருப்பது 'அகற்றப்பட்ட' என்பது மட்டும். தமிழில் மூச்சுக்கு மூச்சு 'செய்து' எச்சம் போட்டுப் பழகிய நமக்கு இது நம்பவே முடியாத குறை. டெபோனென்ட் வினையில் அந்தக் குறை இல்லை. 'செக்கூட்டுஸ்' என்றால் பின்தொடர்ந்து, பின்தொடர்ந்தவனாய்.

கி.மு. 58-இல் ஹெல்வெட்டியர் என்ற இனத்தாருடன் நடந்த போரைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதிய வாக்கியத்தில் இரண்டும் அருகருகே வருகின்றன. தப்பி ஓடும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது என்று முதலில் தன் குதிரையையும் பிறகு எல்லோருடைய குதிரைகளையும் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பிவிடுகிறார். பிறகு வீரர்களை உற்சாகப்படுத்திப் போரைத் தொடங்குகிறார். குதிரைகளை அகற்றியது சாதாரண வினை. அதனால் 'ரெமோட்டீஸ் எக்வீஸ்', குதிரைகள் அகற்றப்பட்ட நிலையில், என்று வாக்கியத்திலிருந்து தள்ளி நிற்கும் தனித் தொடராக எழுத வேண்டியிருக்கிறது. உற்சாகப்படுத்தியது டெபோனென்ட், அதனால் 'கொஹொர்டாட்டுஸ் சுவோஸ்', தன் ஆட்களை உற்சாகப்படுத்தி, என்று நேராகச் சொல்லிவிட்டு அடுத்த வினைக்குப் போகிறார். தமிழில் இரண்டுமே 'அகற்றி', 'உற்சாகப்படுத்தி' என்று ஒரே மாதிரி வந்திருக்கும்.

செக்வொரின் பிள்ளைகள்

இந்த ஒரு வினையிலிருந்து ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொற்கள் ஏராளம். கோர்ட்டில் போடும் 'சூட்', அதாவது சிவில் வழக்கு, 'ப்ராசிக்யூஷன்', தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டுப் போடும் 'எக்சிகியூஷன் பெட்டிஷன்', அதாவது இறுதிவரை பின்தொடர்ந்து முடிப்பது, உயிலை நிறைவேற்றும் 'எக்சிகியூட்டர்'. உடுத்தும் கோட்டு சூட்டும், ஓட்டலில் எடுக்கும் சூட் அறையும்கூட இதே குடும்பம், ஒன்றையொன்று தொடர்ந்து ஒரு தொகுதியாக வருபவை என்ற கணக்கில்.

இவற்றில் எனக்குப் பிடித்தது 'செகண்ட்'. பின்தொடர்வது என்ற பழைய எச்ச வடிவம்தான் 'செக்குந்துஸ்'. முதலாவதைத் தொடர்ந்து வருவது இரண்டாவது. கப்பலின் பின்னாலிருந்து வீசும் காற்று சாதகமான காற்று என்பதால் 'சாதகமான' என்ற பொருளும் அதற்கு உண்டு. நேரத்தின் செகண்ட் எப்படி வந்தது என்றால், ஒரு மணியை 60-ஆகப் பிரித்ததை 'முதல் சிறு பகுதி' என்றார்கள், அதிலிருந்து மினிட். அதை மறுபடி 60-ஆகப் பிரித்தது 'இரண்டாம் சிறு பகுதி', அதிலிருந்து செகண்ட்.

'ர்' உதிர்ந்த கதை

எழுத்து லத்தீனில் டெபோனென்ட் வினைகள் கடைசி வரை பத்திரமாக இருந்தன. பேச்சில் அப்படி இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் பெட்ரோனியுஸ் எழுதிய கதையில் ஒரு விருந்துக் காட்சி. கந்தல் வியாபாரி ஒருவர் அங்கே இருக்கும் சொற்பொழிவு ஆசிரியரைப் பார்த்து, பேசத் தெரிந்த நீர் பேச மாட்டேன் என்கிறீரே என்று சீண்டுகிறார். பேச என்பதற்கு 'லொக்வீ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'லொக்வெரே' என்கிறார். 'லொக்வெரிஸ்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'லொக்விஸ்' என்கிறார். டெபோனென்ட் வினையைச் சாதாரண வினை மாதிரியே திரித்துவிட்டார். பெட்ரோனியுஸ் நகைச்சுவைக்காக எழுதினார். ஆனால் மொழி போன திசை அந்த வியாபாரி போன திசைதான்.

காரணங்களை ஊகிப்பது கஷ்டமில்லை.

1. பொருளில் வேறுபாடு எதுவும் இல்லாமல் உருவில் மட்டும் வேறுபாட்டைச் சுமப்பது வீண் வேலை.
2. செயப்பாட்டு 'ர்' வடிவங்களே பேச்சு மொழியில் தேய்ந்து, 'டுக்டுஸ் எஸ்ட்' போன்ற இரட்டைச் சொல் வடிவங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. உடையே வழக்கொழிந்த பிறகு அதை இரவல் வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்?

'செக்வீ' போய் 'செக்வெரே' வந்தது. அதிலிருந்து இத்தாலிய 'செகுவிரே', ஸ்பானிஷ் 'செகிர்', பிரெஞ்சு 'சுயிவ்ர்'. நான் பின்தொடர்கிறேன் என்பது இத்தாலியத்தில் 'செகுவோ', ஸ்பானிஷில் 'சிகோ'. அதாவது டொனாட்டுஸ் 'ர்' நீக்கிப் பார்த்து, இப்படிச் சொல்லே கிடையாது என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அதே 'செக்வோ'.

இரட்டைச் சொல் கடந்தகாலம் மட்டும் பிழைத்துக்கொண்டது. லத்தீனில் 'மொர்ட்டுவுஸ் எஸ்ட்', இறந்தான். இத்தாலியத்தில் 'எ மொர்ட்டோ', பிரெஞ்சில் 'எ மோர்'. இங்கே பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுக்கும் மாணவர்கள் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வார்கள்: கடந்தகாலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு 'அவுவார்' துணைவினை வரும், சிலவற்றுக்கு மட்டும் 'எத்ர்', அதாவது 'இரு' என்ற வினை வரும். ஏன் என்று பாடப்புத்தகம் பொதுவாகச் சொல்வதில்லை. அந்தப் பட்டியலில் இருக்கும் 'பிற', 'இற' இரண்டும் நேராக டெபோனென்ட் வினைகளின் வாரிசுகள். லத்தீனிலேயே 'சும்', 'எஸ்ட்' என்று 'இரு' வினையோடு வந்தவை. 'வா', 'போ' போன்ற மற்றவை லத்தீனில் டெபோனென்ட் இல்லை. அவை பின்னால் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டவை. 'சுயிவ்ர்' மட்டும் தன் பழைய கூட்டத்தை விட்டுவிட்டது. அது செயப்படுபொருள் எடுக்கும் வினை என்பதால் பிரெஞ்சில் 'அவுவார்' பக்கம் போய்விட்டது: 'ஜே சுயிவி', நான் பின்தொடர்ந்தேன்.